ஆறு அடி பின்னால்

பத்து மணிக்கு அழைப்பு.
ஒன்பதரைக்கே சவரம் முடித்து
மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்
டேப்லெட்டின் முன் விறைப்பாக உட்கார்ந்துவிட்டார்
ஓய்வுபெற்ற அஜுதான் சவரிராயன்.
கீழே கைலிதான்.
இடுப்புக்குக் கீழே பிரான்சுக்குத் தெரியாது.

ஃப்ரெஜுஸ், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.
டேப்லெட் சாயாமலிருக்க
ரவை டப்பாவை முட்டுக்கொடுத்தேன்.
"தனியாக இருக்கிறீர்களா?" முதல் கேள்வி.
"தனியாகத்தான்."
நான் அடுப்போரம்
பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன்.

தூலோன் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து
மயேலிஸ் என்று ஒரு சின்னப்பெண், நர்ஸ்.
டாக்டர் பார்க்கும் முன்பே
ஆளை ஒருமுறை சலித்துப் பார்க்கிற வேலை.
அவள் பேச்சில் பாதி அவர் காதில் விழவில்லை;
விழாததற்கெல்லாம் "வுய்" என்றார்.
மயக்கம் வருமா? வுய்.
தினமும் மதுவா? வுய்.
நல்லவேளை, கர்ப்பமா என்று அவள் கேட்கவில்லை.

வலி எத்தனை, பத்துக்கு?
இது மட்டும் கேட்டது.
"இரண்டு."
சாத் நாட்டு மணலில் ஜீப் கவிழ்ந்து
அடியில் சிக்கிய முழங்கால்.
மாடிப்படி ஒவ்வொன்றுக்கும்
மாதாவைத் தனித்தனியே கூப்பிடுகிற முழங்கால்.
இரண்டாம்.

கடந்த பதினைந்து நாளில்
எத்தனை இரவு தூக்கம் கெட்டது?
"ஒன்றுமில்லை."

காது மந்தம்தான்.
ஆனால் மிஸ்த்ரால் வீசும் இரவில்
ஜன்னல் பலகை ஒரே ஒருமுறை தட்டினால் போதும்,
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
குந்திக்கொண்டிருப்பார்
தலையணையை மார்போடு இறுக்கி.
விளக்குப் போடக்கூடாது என்று
முதல் வருஷமே தெரிந்துகொண்டேன்.
தண்ணீர்ச் சொம்பைத் தரையில் தள்ளி வைப்பேன்,
அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்,
என் கைக்கு எட்டாத தூரத்தில்.

சொல்தா மாப்பிள்ளை என்று
காரைக்காலில் கட்டிக்கொடுத்தபோது
ரெத்ரேத்தைப் பற்றிச் சொன்னார்கள்.
ராத்திரியைப் பற்றிச் சொல்லவில்லை.

"எழுந்து ஆறு அடி பின்னால் நடங்கள், மிஸ்யே,
நடையைப் பார்க்கவேண்டும்."

கைலி!
இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.
எழுந்தவர் பின்னால் போகாமல்
பக்கவாட்டில் நழுவினார் என் பக்கம்.
மூன்றாம் அடியில் முழங்கால் மடிந்தது.
என் தோளைப் பிடித்தார், முழு எடையோடு.
பீன்ஸ் தரையெங்கும்.

அங்கே அவளுக்கு ஒரு காலி நாற்காலி,
போன வருஷத்துக் காலண்டர்,
இரண்டு பேர் மூச்சு.

"மிஸ்யே?"
கொஞ்சம் பொறுத்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"மதாம்?"

எப்படித் தெரியும் அவளுக்கு?
எத்தனை சமையலறை, எத்தனை காலி நாற்காலி
பார்த்திருப்பாளோ.

கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.
நாற்காலியில் அவர் சூடு இருந்தது.
என் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு;
விலை சொல்லவும் பேரம் பேசவும் ஆகும்.
பதினைந்தில் எத்தனை இரவு?
பதினொன்று.
"ஜெசிந்தா, போதும்" என்றார் தமிழில், சுவரைப் பிடித்தபடி.
வலி?
எட்டு. படியில் ஒன்பது.
மது?
கிறிஸ்மஸுக்கு ஒரு கிளாஸ், அதையும் முடிக்கமாட்டார்.
அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.
கடைசியில் கையை எடுத்துவிட்டு,
பட்டியலில் இல்லாத ஒன்று:
"நீங்கள் தூங்குகிறீர்களா, மதாம்?"

பேரம் பேசத் தெரிந்த வாய்க்கு
விலை வரவில்லை.
நாற்பத்தோரு வருஷத்தைப்
பதினைந்து நாளில் அடைக்க
நான் எதைக் கழிப்பேன்?

மதியம் அவர் பேசவில்லை.
ரசம் இன்னும் வேண்டுமென்று
கிண்ணத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

இரவு ஒன்பதுக்குச் செய்தி வந்தது.
வியாழன் எட்டே கால், எலும்புப் பிரிவு.
அது முடிந்ததும் மூன்றாம் மாடி, வேறொரு டாக்டர்.
துணைக்கு ஒருவர் வருவதானால்
1 அழுத்தவும்.

அழுத்தினேன்.
டிங் என்றது.

உள்ளறை இருட்டிலிருந்து உடனே:
"யாரு?"

"நான்தான்."