எது வந்தால் எது நிற்கும்

சதக்கத்துல்லா பாய் பையைத் திறந்ததும்
ஆறு குடும்பங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன.
ஆறு தாளிலும் அதே சிரிப்பு,
அதே அப்பா, அம்மா, பையன், பெண்.
பின்னால் அலையே அடிக்காத ஒரு கடல்.

தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
நசரேன் ஒவ்வொரு தாளையும் வாங்கி
மீனை நிறுப்பதுபோல் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு
என் பக்கம் தள்ளினான்.
எங்கள் வீட்டில் கணக்கு என் வேலை.

வருஷத்துக்கு இவ்வளவுதான் என்றார் பாய்.
அந்த இவ்வளவு
அரிசி டிரம்மில் இருக்கிறதா, சீட்டில் இருக்கிறதா என்று
சின்னப்பாலத்தில் எந்த வீட்டிலும்
உடனே சொல்லமாட்டார்கள்.

பிள்ளை படிப்புக்கு ஒன்று.
இருபது வருஷம் கட்டினால் போனஸோடு திரும்புமாம்.
திரும்பி வருவதற்குச் சீட்டு போதும் பாய்,
திரும்பாமல் போவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?
பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சங்கத்து அட்டையில் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உண்டு.
அதையே இன்னொரு தரம் வாங்கவேண்டாம்.
ஆஸ்பத்திரிக்கு அரசாங்க அட்டை.
மதுரைக்குப் போகிற வேன் வாடகையை அது தராது,
அதற்கு உண்டியல்.
படகு முதலாளியுடையது, கவலையும் அவருடையது.
தண்ணீரில் எவனோ போட்ட கோட்டைத் தாண்டி
பிடித்துக்கொண்டு போனால்?
அதற்கு எந்தத் தாளும் கிடையாது என்றார்.
பொய் சொல்லாத மனுஷன், டீ போட எழுந்தேன்.

ஜெசிந்தா வீட்டுக்காரர் ஓர் ஐப்பசியில் போனவர்.
படகு வந்தது.
பாலிசி இருந்தது, டிரங்குப் பெட்டியில்,
பிளாஸ்டிக் உறைக்குள், துளி நனையாமல்.
உடல் வரவில்லை.
உடல் இல்லையென்றால் ஏழு வருஷம் என்றார்கள்.
அதுவரை தவணையும் கட்டச் சொன்னார்கள்.
மூன்று மாதத்துக்கொருமுறை
ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுகிறாள்.
ரசீதில் அவர் பெயர் அச்சாகி வருகிறது,
வயது ஒவ்வொன்றாகக் கூடி.

டீயை வைத்துவிட்டு
போன வருஷ நோட்டைப் புரட்டினேன்.
யார் சாவார் என்று யோசித்தால்
பயம்தான் வரும், விடை வராது.
எது வந்தால் எது நிற்கும், அதைப் பார்த்தேன்.

அபிஷாவின் பள்ளிக்கூடம்: பாசி.
கேஸ்: பாசி.
நகைக்கடன் வட்டி, ஒரு மாதம் தவறாமல்: பாசி.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
பாறையிலிருந்து நான் பிய்த்தது.
மீன் காசு பெரிய காசுதான்.
வந்த வேகத்தில்
போன மாதத்து அட்வான்ஸுக்குப் போய்விடும்.

நசரேனும் எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் என் பெயருக்கு எதிரே
இல்லத்தரசி என்று எழுதியிருந்தார் பாய்.
அடியுங்கள் அதை.
பாசி எடுப்பவர் என்று போடுங்கள்,
முங்கித்தான் எடுக்கிறேன், அதையும் போடுங்கள்.
தவணை கூடுமேம்மா.
எழுதாமல் விட்டால்?
கடைசியில் கேட்டு வரும்போது
இல்லையென்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.
அப்படியானால் கூடட்டும்.

இரண்டு தாள் எங்களிடம் நின்றது,
ஆள் போனால் மட்டும் பணம் தருகிற
போனஸில்லாத, அழகில்லாத இரண்டு.
பெரியது என் பெயரில்.
மீதி நாலு குடும்பமும்
சிரித்தபடியே பைக்குள் திரும்பிப் போயின.

வாரிசு என்ற கட்டத்தில்
கித்தேரி நான், நசரேன் பெயரை எழுதினேன்.
அவன் பெயரை அவ்வளவு நிதானமாக
கல்யாண ஓலையில்கூட நான் எழுதியதில்லை.
முங்குகிற இடத்தில் ஆழம் எவ்வளவு என்று கேட்டான்.
பதினாறு வருஷத்தில் முதல் தடவை.
இடுப்பளவு, சில நாள் தலைக்கு மேல், என்றேன்.

சாயங்காலம் கொல்லையில் உராயும் சத்தம்.
என் தகரத் தட்டின் துருப்பிடித்த விளிம்பைக்
கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.
இடது காலுக்கு மட்டும்
புதுக் கயிறு.