நாற்பத்தேழரை விநாடி

பாய்ம இயக்கவியல், இரண்டாம் தடவை.
போன வருடம் மூன்று புள்ளி எட்டு.
எங்கள் நாட்டில் ஏழுக்கு நான்கு எடுத்தால் தேர்ச்சி.
அந்தப் புள்ளி இரண்டுக்காக
வால்திவியாவில் இன்னொரு மழைக்காலம்.

இந்த ஊரில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்,
அதுவும் சந்தேகத்தோடு.

ஆய்வகத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய்.
தண்ணீர் பதினான்கு டிகிரி,
எங்கள் விரல்களும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
யாஸ்னா ஒயார்சூன் வால்வைத் திறக்கிறாள்,
தூங்குகிறவன் சட்டைப்பையில் சாவி தேடுவதுபோல.
ஊதாச் சாயம் ஊசிமுனையில் இறங்கி
குழாயின் நடுவே ஒரு நூலாகிறது.
ஓடுகிறது என்று நம்ப முடியவில்லை.
நிற்பதுபோலவே ஓடுகிறது.

இன்னும் கொஞ்சம் திற.
இன்னும்.
மூச்சு விடாதே என்கிறாள்,
என் மூச்சுக்கும் குழாய்க்கும் நடுவில்
ஒரு மேசை நீளம் இருக்கும்போதே.

அப்போதுதான் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று
வெளியே வளைவில் கியர் மாற்றியது.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது.
நூல் ஒருமுறை நெளிந்தது,
யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
அப்புறம் நூல் இல்லை.
குழாய் முழுக்க ஊதா.

ஜாடியில் ஒரு லிட்டர் நிறைய நாற்பத்தேழரை விநாடி.
கணக்குப் போட்டால் ரெனால்ட்ஸ் எண்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
புத்தகம் இரண்டாயிரத்து முந்நூறு என்கிறது.
பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோருக்கும்
அச்சடித்ததுபோல இரண்டாயிரத்து முந்நூறு.

நான் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டேன்.
முப்பத்தொன்பதரை என்று எழுதினால் போதும்.
எட்டு விநாடி.
எட்டு விநாடியை யார் தேடப்போகிறார்கள்?
போன வருடம் நான் இப்படி எவ்வளவோ விநாடிகளை
இருந்த இடம் தெரியாமல் ஆக்கியிருக்கிறேன்.

யாஸ்னா அழிப்பானை எடுத்தாள்.
"லாரியையும் எழுது" என்றாள்.

"லாரிக்கு அலகு என்ன?"

"அதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்."

எழுதினோம். பிழைக்கான காரணங்கள்:
மேசைக்கு ரப்பர் பாதம் இல்லை; சாலை ஈரம்;
மரம் ஏற்றிய லாரி, ஒன்று.

சனிக்கிழமை மீன் சந்தைப் படிக்கட்டில்
கடல்சிங்கம் ஒன்று, சோபா அளவுக்கு.
மீன் தலைக்காகச் சண்டை போட்டுவிட்டு
ஆற்றில் சரிந்தது; சத்தமே இல்லை,
நீர் திறந்து, மூடிக்கொண்டது.
இழுவைக் குணகம் எவ்வளவு இருக்கும் என்றேன்.
யாஸ்னா சிப்பிக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.
"முதலில் அதன் விட்டத்தை அளந்துவிட்டு வா."

நான் அதிகாலை நான்கு முதல் ஏழு வரை
ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறேன்.
மாதம் ஒருமுறை புகைபோக்கி விசிறியைக் கழற்றித் துடைப்பது என் பாடு.
நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று சுற்றியும்
இறக்கையில் மாவு
போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது.
அடுமனைப் புயல் முழுக்க அதன் மேல்தான் போகிறது,
அதற்குத் தெரியாது.
சுவரைத் தொடும் பாய்மம் சுவரை விட்டு நகராது:
இரண்டு வருடமாக நான் ஒப்பித்த வரி.
கத்தியால் சுரண்டும்போது
அது நகத்துக்குள் ஏறியது.

அறிக்கை திரும்பி வந்தது. ஐந்து புள்ளி மூன்று.
லாரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்,
பக்கத்தில் உதவியாளர் பல்தசாரின் கோணல் எழுத்து:
"வேகம்? எடை? ஓட்டுநர் சாட்சி?"
அதற்குக் கீழே, சின்னதாய்,
"மற்ற பதினொரு குழுவுக்கும் லாரியே கேட்கவில்லையாம்."

இறுதித் தேர்வு, வியாழக்கிழமை.
மூன்றாம் கேள்வி. குழாய்க்குள் வேகத்தின் வடிவம்.
சுவரில் சுழியம் போட்டேன்,
மாவு வாசனை வந்தது,
நடுவை நோக்கி வளைவை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பேனா நடுங்கியது. மேசைதான்.
வெளியே வளைவில் கியர் மாறும் சத்தம்.
மூன்று வரிசை தள்ளி
தலையைத் தூக்காமல் யாஸ்னா
ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.