சக் சாவி

விளம்பரத்தில் மூன்றே சொல்:
ஓடுகிறது. கனம். எடுத்துப்போங்கள்.

மூஸ் ஜா நகரின் வடக்கு விளிம்பு. மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்துபோன கராஜ் கதவை
முழங்காலால் இடித்துத் திறந்தாள் மொரீன்.
பழுதான பனிவண்டிக்கும் காலி ஊறுகாய்ப் பாட்டில்களுக்கும் நடுவே
நின்றிருந்தது டிரில்லிங் மெஷின்,
கடைசி வண்டி போனது தெரியாமல்
நிறுத்தத்தில் நிற்கும் ஆளைப் போல.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
அந்த நிலையை எனக்குத் தெரியும்.

நூற்றெண்பது டாலர் என்றாள்.
பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன்.
சக்கைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினேன்:
மயிரிழை ஆட்டம், மன்னிக்கலாம்.
மேசைத்தட்டில் பதினேழு குழிகள்,
பலகையைத் தாண்டி இரும்பில் இறங்கியவை.
"எல்லாம் வெண்டல் போட்டது."
சக்கை இறுக்கச் சாவி இருக்கிறதா என்றேன்.
"அவன் போனபோது அதுவும் போயிருக்கும்."
நூற்றைம்பதுக்கு முடிந்தது.

எனக்கு வேண்டியதெல்லாம் துளைகள்.
கிரிபேஜ் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிப் பலகை,
மேப்பிள் மரம், நூற்றிருபத்தோரு துளை.
கைத்துரப்பணத்தில் போட்ட வரிசை
குடித்தவன் வீடு திரும்பிய தடம்போல் இருந்தது.
இப்போது மெஷின் உண்டு, சாவி இல்லை.
ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் செருகி நெம்பினேன்.
முப்பதாவது துளையில் பிட் நழுவிச் சுழன்று
மேசைத்தட்டில் போய் முட்டியது.
பதினெட்டு.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு
வாசலில் ஒரு லாரி.
இறங்கிய ஆள் தொப்பியைக் கழற்றாமல் கேட்டான்:
"மெஷின் இங்கேதானே இருக்கிறது?
ஒரே ஒரு துளை போட்டுக்கொள்ளலாமா?"
கையில் ஒரு இரும்புப் பட்டை.
வன்பொருள் கடைக்கு மேலே ஓர் அறையாம்,
சுவரில் அலமாரி மாட்ட வேண்டுமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்பானோ,
மெஷினையே கேட்பானோ என்று
நான் சொற்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.
அவனோ பெல்ட்டை ஒரு படி கீழே மாற்றினான்,
மோட்டார் முனகியதும்
பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓர் அடி கொடுத்தான்.
முனகல் நின்றது.
பிறகு கோட்டுப் பைக்குள் கைவிட்டு
சாவியை எடுத்தான்.

பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
இறுக்கினான், துளைத்தான், தளர்த்தினான்,
சுருள் சுருளாய் விழுந்த இரும்புச் சீவலைப்
பெருக்கி அள்ளிக் குப்பையில் போட்டான்.
சாவி பைக்குள் போயிற்று.

அப்புறம் ஒவ்வொரு சனியும்.
ஒரு தடவைக்கு ஒரு பட்டை, ஒரு துளை.
மொத்தத்தையும் ஒரே காலையில் முடிக்கலாம் என்று
இருவருமே சொல்லவில்லை.
அவன் காபி ஆறும் வரைக்கும் சாவி என் கையில்,
அதற்குள் நான் பத்துத் துளை.
மொரீனைப் பற்றி ஒருமுறைதான் கேட்டான்,
அதுவும் வெந்நீர்க் கொதிகலன் ஒழுகுகிறதா என்று.
எனக்கு எப்படித் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை ரெஜைனாவிலிருந்து
புதுச் சாவி தபாலில் வந்தது.
பதினான்கு டாலர். பற்கள் கச்சிதம்.
அன்றிரவே பலகையை முடித்தேன்,
கடைசித் துளையைச் சற்றுப் பெரிதாகவே.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு
புதுச் சாவியை ஆணி டப்பாவின் அடியில் புதைத்தேன்.
பலகையைக் கந்தலால் மூடினேன்.

வெண்டல் வந்தான்.
சாவியைப் போட்டுத் திருப்பினான்,
கொஞ்சம் நிறுத்தினான்.
"சக் இவ்வளவு இறுக்கமாக இருக்காதே."
"குளிர்," என்றேன்.
ஆணி டப்பாவை ஒரு பார்வை பார்த்தான்,
கந்தலை ஒரு பார்வை.
"ஆமாம், நல்ல குளிர்,"
என்று பட்டையை மேசையில் வைத்து
அளக்க ஆரம்பித்தான், மெதுவாக,
போன வாரமே அளந்து கோடு போட்டிருந்ததை.