பெறப்பட்டது

திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு முன்பே
மின்விசிறி நின்றுவிட்டது.
ஜமாலியாவிலிருந்து மஸாஹிரா, பக்கத்தில் மகன்,
அவன் முதுகில் இன்னும் பள்ளிக்கூடப் பை.
பதினெட்டு முடிந்து ஏழு மாதம்.
சிறப்புக் கல்வி அலகு அவனை அனுப்பிவிட்டது.
பையைக் கழற்ற அவன்தான் சம்மதிக்கவில்லை.

போன வருசமும் தந்தோம் மிஸ், என்கிறாள்.
தந்திருப்பாள்.
அலுமாரிக்குள் எங்கேயோ இருக்கும்,
சுனாமிக் கோப்புகளுக்கும்
கறையான் அரித்த இடாப்புக்கும் நடுவில்.
அவள் முகத்தைப் பாராமல்
புதிய படிவம் எடுத்தேன்.

தானாக உண்பாரா? ஆம்.
தானாக உடுப்பாரா?
பொத்தான் இல்லாட்டி உடுப்பான் மிஸ்.
பொத்தானை எழுத அங்கே இடமில்லை.
தொழில் செய்ய இயலுமா?
விடியப்புறம் வாப்பாவோட மீன் பெட்டி கழுவுறான்,
ஒரு செதில் மிஞ்சாது, என்றவள்
சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்:
அத எழுதினா காசை வெட்டுவாங்களா?

வெட்டுவார்கள்.
இயலாது என்று எழுதினேன்.
அப்படியென்றால் அந்தப் பெட்டிகளை
யார் கழுவியது என்று
படிவம் கேட்காது.

அதற்குள் இஃப்ஹாம்
என் றப்பர் முத்திரையைக் கண்டுவிட்டான்.
டக். படிவத்தில்.
டக். அதன் போட்டோப் பிரதியில்.
கட்டத்துக்குள், நேராக,
எங்கள் தயாபரன் ஒருநாளும் குத்தாத மாதிரி.
பிறகு என் பத்திரிகையில், ஒரு நடிகையின் நெற்றியில்.
பிறகு தன் இடது மணிக்கட்டில்:
பெறப்பட்டது.
பட்டினமும் சூழலும், பிரதேச செயலகம்.
உம்மா அவன் கையைத் தட்டப் போனாள்.
விடுங்கோ, என்றேன்.
காலையில் வந்த பதினாறு விண்ணப்பம்
முத்திரையில்லாமல் கிடந்தது. நீட்டினேன்.

பயிற்சி நிலையம் ஏதும் இரிக்கா மிஸ்?
இருக்கிறது. வேறு மாவட்டம். காத்திருப்போர் பட்டியல்.
இவன் பேர் வருமா?
வரும், என்றேன்.
அந்தச் சொல் என் வாயில்
எத்தனை வருடமாகத் தேய்கிறது.

யன்னலால் பார்த்தேன்.
வாசலில் இரண்டு புள்ளிமான்
யாரோ எறிந்த அட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன.
இஃப்ஹாம் நின்றான்.
மணிக்கட்டை மானிடம் காட்டினான்.
மான் மோந்து பார்த்தது,
அட்டைக்கே திரும்பியது.
அவன் சிரித்தான், எனக்குக் கேட்கவில்லை,
பை மட்டும் குலுங்கியது.

பிறகுதான் கண்டேன்.
முத்திரையின் திகதிச் சில்லை நான் திருப்பவேயில்லை.
எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை.
தயாபரா, என்று கூப்பிட்டேன், திருத்தச் சொல்ல.
அவன் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டி,
ஆர் மிஸ் குத்தினது, இவ்வளவு நேரா, என்றான்.

ஒன்றுமில்லை, போ, என்றேன்.