வழிவிளக்கு

விதி ஒன்றே ஒன்று: தலையிடாதே.
கேள், எழுது, வாயை மூடு.
பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன்
கெரோஸ் நிலவின் பனிமேட்டில்,
ஓமெல் மக்களின் நாலாயிரத்துச் சொச்சம் சொற்களோடு.

குடிநீர் மட்டும் அவர்களுடைய பனி.
வெட்டி உருக்கிக் குடித்தோம்.
அதை யாரும் தலையீடு என்று எழுதவில்லை.

துளைப்புக் கம்பெனி வந்த ஆண்டு
செவூர் ஏரி ஒரே வாரத்தில் உள்வாங்கியது.
தெவூக் வந்தாள், தோளில் ஈரத்தோல் மூட்டை.
கோபுரத்தின் அடியில் இறக்கிவைத்தாள்.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

“நாம் என்ன செய்யலாம்?” என்றேன்.

அவர்கள் மொழியிலும் நாம் வேறு, நாங்கள் வேறு.
முதல் மாதமே அகராதியில் ஏற்றியிருந்தேன்,
எடுத்துக்காட்டோடு.
“நாங்கள் யோசித்தாயிற்று” என்றாள்.
“உன் விளக்கை அணை.”

கோபுர உச்சியில் பச்சையாய்ச் சிமிட்டுமே, அது.
எங்கள் மாவு மூட்டை இறங்குவதற்காக வைத்தது.
அதைப் பார்த்துத்தான் அவர்களும் இறங்குகிறார்கள்,
அந்த மூட்டத்தில் வேறு பிடி ஏது?

அணைத்தால் தலையீடு.
எரியவிட்டால்?
ஒக்காம்போ விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
ஏற்கெனவே எரிகிற விளக்கைப் பற்றி
அதில் ஒரு வரி இல்லை.

அன்றிரவு ஒரு கப்பல், நாற்பத்தொரு பேர்,
பாதி வழி இறங்கிவிட்டவர்கள்.
அணைக்கவில்லை.
காலையில் அவர்களில் ஒருவன், மீசை சரியாக அரும்பாதவன்,
கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.
டப்பாவில் அடைத்த பீச் பழம் தந்தான்.
அவன் கை சூடாக இருந்தது,
இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏரி இன்னும் ஓர் ஆள் உயரம் இறங்கியது.

நேற்று மேலே செய்தி அனுப்பினேன்:
இனி இங்கே விளக்கு இல்லை. யாரும் இறங்காதீர்கள்,
எங்களுக்கு மாவு கொண்டுவருகிறவர்கள் உட்பட.
மூன்று முறை அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்தபின்
ஏறிப்போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான்.
என் பொருளை நான் எடுத்துக்கொண்டேன்,
பதினோரு வருடம் தாமதமாக.
அவ்வளவே.

தெவூக் தள்ளி நின்று இருட்டைப் பார்த்தாள்.
நன்றி என்ற சொல் அவர்களிடம் உண்டு,
பதிவு எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதைச் சொல்லவில்லை.
“நீங்கள் குடித்த தண்ணீர்?” என்றாள்.

டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன்:
ஆளுக்கு நாலு லிட்டர்,
எங்கள் நிலையத்தில் ஆறு பேர்,
குளித்த நாட்கள் தனி.