பதினைந்து முறை, மூன்று சுற்று

வால்பராய்சோவில் வழி கேட்டால்
தெருப் பெயரைச் சொல்லமாட்டார்கள்,
படிகளைத்தான் சொல்வார்கள்.
எரிபெர்த்தோவுக்கு அத்தனையும் மனப்பாடம்:
நீலத் தகரச் சுவர் வீடு நூற்றெட்டு,
பியானோ டீச்சர் இருநூற்றுப் பதினொன்று,
அதற்கும் மேலே, நாய்கள் மட்டும் போகும் மண்பாதையில்,
மூன்று மாத பாக்கி வைத்திருக்கும் தையற்காரி.
பதினைந்து கிலோ வாயு,
அதைச் சுமக்கும் இரும்பின் கனம் தனி.
பத்தொன்பது வருஷம்.

ஜூலை மாதக் குளிர்மழையில் என் அறைக்கு வந்தார்,
இடது குதிகாலை ஊன்றாமல்,
சுடுதகரத்தில் நடக்கும் பூனைபோல.
"வலி எவ்வளவு, பத்துக்கு?"
"மூணு."
குதிகாலுக்கு மேலே இரண்டு விரற்கடை விட்டு
நாணை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன்.
கயிற்றின் நடுவே முடிச்சு விழுந்தாற்போல் தடிப்பு.
முகம் ஏழு என்றது.
வாய் மூணிலேயே நின்றது.

ஓய்வெடுங்கள் என்பேன் என்று நினைத்து
முதலாளிக்குச் சொல்ல ஒரு பொய்யைத்
தயாராக வைத்திருந்தார் போலும்.
நான் சொன்னது வேறு.
படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும்.
இரண்டு காலாலும் எழும்புங்கள்.
நல்ல காலை எடுத்துவிடுங்கள்.
நோகும் காலால் மட்டும் இறங்குங்கள்,
குதிகால் படிக்குக் கீழே போகும்வரை,
மெல்ல,
தூங்கும் குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி.
பதினைந்து முறை, மூன்று சுற்று,
காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம்.

"படியிலா?"
"படியில்."
"படிதானே டாக்டரம்மா இதைச் செய்தது?"
நான் டாக்டர் இல்லை என்றேன்.
மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம்: "செய்கிறேன்."
நான்காம் வாரம்: "தினமும் செய்கிறேன்."
கெண்டைக்கால் ஈரத்துணியாய்க் கிடந்தது.
கோபத்தில் கொஞ்சம் பலமாகவே அழுத்தினேன்.
கத்தியது என் பெருவிரல்.
பதினோரு வருஷம் ஊரார் முதுகுகளை அழுத்தித்
தேய்ந்துபோன மூட்டு.
அதற்கும் ஒரு பயிற்சி உண்டு:
ரப்பர் வளையத்துக்குள் விரல்களை நுழைத்து
விரிக்கவேண்டும், இருபது முறை.
வளையம் மேசை இழுப்பறையில்,
கரண்ட் பில்களுக்கு அடியில்.
கையை உதறியதைப் பார்த்துவிட்டார்.
"உங்களுக்கு எவ்வளவு, யஸ்னா, பத்துக்கு?"
"மூணு," என்றேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
கட்டிலின் காகித விரிப்பு கிழிந்தது.

அதன்பிறகு ஐந்து வாரம் ஆளைக் காணோம்.
போன் செய்தால் மணி அடித்து ஓயும்.
கடைசியாகச் சொல்லி அனுப்பியது நினைவிருந்தது:
சுலபமானதும் சுமை கூட்டுங்கள்,
முதுகுப்பையில் நாலு புத்தகம் போதும்.
வீட்டில் புத்தகம் கிடையாது என்றிருந்தார்.

செப்டம்பர் முடிவில் ஒரு சாயங்காலம்,
மூச்சு வாங்க வீட்டுக்கு ஏறுகையில்,
மஞ்சள் விளக்குக் கம்பத் திருப்பத்தில்,
துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி
படி விளிம்பில் நின்றிருந்தார் எரிபெர்த்தோ.
ஒரு கை கம்பிப் பிடியில்.
தோளில் காலி சிலிண்டர்.
நிரம்பியது கீழ்ப்படியில் தன் முறைக்குக் காத்திருந்தது.
கிரேன்களும் கப்பல்களும் பின்னால் எரிய,
மொத்த ஊரும் ஏறி இறங்கும் அந்த மலையில்
அவர் இறங்கிக்கொண்டிருந்தார்
நாலு விரல் ஆழத்துக்கு.

மேல் ஜன்னலில் பியானோ டீச்சர்:
"பீன்ஸ் பாதி வெந்து கிடக்கிறது, காஸ் எங்கே?"
"ஒன்பது," என்றார் அவர்.
"என்ன ஒன்பது?"
"பத்து."

கீழிருந்து கேட்டேன், வலிக்கிறதா என்று.
திரும்பவில்லை.
ஆனால் யோசித்தார்,
நான் கேட்டு அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.
"நாலு," என்றார். பிறகு, "நாலரை."

என் கோட்டுப் பையில் ரப்பர் வளையம் இருந்தது,
இரண்டு வாரமாக அங்கேதான் இருக்கிறது.
இருட்டும் நேரம், யாரும் பார்க்கவில்லை.
உள்ளேயே விரல்களை நுழைத்தேன்.
அவர் பதினொன்றில் இருந்தார்.
நான் ஒன்றில் ஆரம்பித்தேன்.