பெட்டியில் என்ன மீன்

ஒட்டுசுட்டான் சந்தியில் மறிக்கிறார்கள்.
"என்ன மீன் அண்ணை இண்டைக்கு?"
போன மாசி வரை இதே பெட்டியில்
சூடையும் பாரையும் கொண்டு திரிந்தவன்தானே நான்.
றப்பர் கோனைக் கழற்றிவிட்டேன்,
பெட்டியைக் கழற்றவில்லை.
உள்ளே இப்போது ஐஸ்,
ஐசுக்குள் நீல மூடிக் குப்பிகள் அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு பேரின் காலைநேரம்.

"முடிஞ்சுது தம்பி" என்று
மோட்டார் சைக்கிளை முறுக்குகிறேன்.

குப்பியைத் தரும்போது ஆட்கள் முகம் திருப்புவார்கள்.
முத்தையன்கட்டில் ஒரு வாத்தியார்
வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பேப்பர் சுற்றி,
கோயில் பிரசாதம்போல் இரண்டு கையாலும் தந்தார்.
குகானந்தனின் மனைவி மட்டும்
படலைவரை வந்து கண்ணைப் பார்த்துக் கேட்டாள்:
"இதை முந்தியே செய்திருந்தா?"

குகானந்தன் உழவு மெசின் ஓட்டியவன்.
என் வயதுதான், முப்பத்தொன்பது.
மூலம் என்று நினைத்து
இரண்டு வருஷம் துத்தி இலை வறுத்துத் தின்றான்.
தெல்லிப்பழைக்குப் போனபோது
பெருங்குடலில் கட்டி, ஈரலில் மூன்று பொட்டு.
எனக்குப் பதில் தெரியாது.
அவளுடைய குப்பியில் எண்ணை எழுதினேன்.

கிளிநொச்சி ஆய்வுகூடத்தில்
முகமூடிக்குள்ளால் துஷ்யந்தினி சொல்கிறாள்:
"எல்லாற்ற குடலிலயும் இருக்கிற பற்றீரியாதான் அண்ணை.
அனேகமானது ஒண்டும் செய்யாது.
சிலதுக்குள்ள மட்டும் மேலதிகமா ஒரு மரபணுத் தொடர்.
அது இருந்தா நஞ்சு செய்யும்."

நஞ்சைக் காட்டு என்றேன். சிரித்தாள்.
வெளியே எடுத்தால் உடைந்துபோகுமாம்.
குடற்சுவரில் உடம்போடு உடம்பாய் ஒட்டி நின்றால்தான்
கைமாறுமாம்.
கலத்துக்குள் புகுந்து
முறுக்கிய இரண்டு இழையையும் சேர்த்துத் தைத்துவிடும்.
பிரியவேண்டிய நேரத்தில் பிரியாமல் அறும்.
அறுந்ததை உடம்பு அவசரத்தில் பிழையாய் ஒட்டும்.
ஆளைப் பிடிப்பது கஷ்டம்,
தைத்த தழும்பை வைத்துத் தேடுகிறார்கள்.

வலை பொத்துகிற ஊரில் பிறந்தவன் நான்.
கண் மாறித் தைத்த வலை
அன்றைக்கே கிழியாது.
பாடு நிறைந்த ஒருநாள் கிழியும்.

"தழும்பு சின்ன வயசிலயே விழுந்திருக்கலாம்,
பத்து வயசுக்கு முன்னம். இன்னும் உறுதியில்லை."
உறுதியில்லை என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

பத்து வயதுக்கு முன்னம்
எங்கெங்கு தண்ணீர் குடித்தேன்?
இடம்பெயர்ந்த வருஷம் அக்கராயன் வாய்க்கால்.
அதற்கு முதல், பெயர் தெரியாத ஒரு துரவு.
மரத்தடியில் யாரோ நீட்டிய சிரட்டை.
எல்லாமே இனித்தது.

நாற்பத்தேழாம் குப்பி என்னுடையது.
அவளுக்குத் தெரியாது.
பெயர் எழுதுவதில்லை,
முடிவை ஆளுக்குச் சொல்வதுமில்லை, கணக்குத்தான்.
எடுத்து நிரையில் வைத்தாள்,
நாற்பத்தாறுக்குப் பக்கத்தில், நேராக.
நான் கையொப்பம் வைத்தேன்.

பெட்டியைக் குளோரினால் கழுவி
ஏ-ஒன்பதில் திரும்பி வருகையில்
மாங்குளத்தில் ஒரு பெடியன் கை காட்டினான்.
"அண்ணை, என்ன மீன்?"
நிறுத்தி, மூடியைத் திறந்தேன்.
எட்டிப் பார்த்தான்.
"ஒண்டுமில்லையே."
"வடிவாப் பார்" என்றேன்.
அவன் உண்மையாகவே
வடிவாய்ப் பார்த்தான்.